போவிஸ் கோட்டை யாருடையது?

அன்புள்ள ஐயா,

வேல்ஸில் உள்ள போவிஸ் கோட்டையில் திப்பு சுல்தானின் கூடாரம் இருப்பதாகப் படித்தேன். ராபர்ட் கிளைவ் வங்காளத்தில் கொள்ளையடித்த பணத்தில் வாங்கிய கோட்டை அது என்கிறார்கள் நண்பர்கள். கிளைவ் இறந்த பிறகுதானே திப்பு வீழ்ந்தார்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஐயம் நியாயமானது. ராபர்ட் கிளைவ் இறந்தது 1774-இல். திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது 1799-இல். போவிஸ் கோட்டை ஒருநாளும் ராபர்ட்டின் உடைமையாக இருந்ததில்லை. வேல்ஸ் சிற்றரசர்கள் கட்டிய அதனை ஹெர்பர்ட் குடும்பம் 1587-இல் வாங்கியது. இருநூறு ஆண்டுகள் கழித்து அவர்களிடம் பட்டமும் பழம்பெருமையும் இருந்தன, கையில் காசில்லை. கிளைவ் வீட்டிலோ காசு இருந்தது, பரம்பரை இல்லை. ராபர்ட்டின் மகன் எட்வர்ட் 1784-இல் ஹென்ரியட்டா ஹெர்பர்ட்டை மணந்தது இந்தப் பின்னணியில்தான். ஹென்ரியட்டாவின் அண்ணன் மணமாகாமலே 1801-இல் இறந்துபோக, ஹெர்பர்ட் சொத்துக்கு வாரிசான ஹென்ரியட்டாவின் மூத்த மகன் 1807-இல் தன் குடும்பப் பெயரை ஹெர்பர்ட் என மாற்றிக்கொண்டார். பிளாசிப் போரில் வென்ற ராபர்ட்டின் பேரன் சொத்துக்காகத் தாத்தாவின் பெயரையே கைவிட்டது இந்த வரலாற்றில் எனக்கு மிகச் சுவையான இடம்.

ராபர்ட் சேர்த்த பொருள்களும் அங்கே உண்டு. ஆனால் திப்புவின் பொருள்கள் அக்குடும்பத்துக்கு வந்தது, எட்வர்ட் சென்னையின் ஆளுநராக இருந்த 1798 முதல் 1803 வரையிலான காலத்தின் வழியாக. கட்டபொம்மனும் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டதும், ஆற்காட்டு நவாபின் ஆட்சியுரிமை 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனதும் அதே ஆண்டுகளில்தான். இன்றைய ராஜாஜி மண்டபமும் எட்வர்ட் கட்டுவித்ததே. ஹென்ரியட்டாவோ 1800-இல் தம் இரு மகள்களுடன் சென்னையிலிருந்து கிளம்பி மைசூர் நாடு வரை சென்று, தஞ்சாவூர் வழியாகத் திரும்பினார். அவர் ஆர்வத்தோடு சேர்த்த கனிமங்கள் இப்போது கார்டிஃப் அருங்காட்சியகத்தில் உள்ளன.

கொள்ளை என்று நண்பர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆளைத்தான் மாற்றிச் சொல்கிறார்கள். வென்ற படை திப்புவின் அரியணையை உடைத்துக் கூறு போட்டது; அதிலிருந்த புலித்தலைகளில் ஒன்று இன்று போவிஸில் இருக்கிறது. அத்தகைய பொருளை ஒருவர் பரிசாகப் பெற்றாலும் ஏலத்தில் எடுத்தாலும், அது முதலில் கைமாறிய விதம் மாறிவிடாது.

கோட்டை 1952-இல் பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் சென்றது. இந்தச் சேகரிப்புக்காக 1987-இல் அங்கே திறந்த அருங்காட்சியகத்துக்குக் கிளைவ் பெயரையே வைத்தார்கள். அது எந்தக் கிளைவ் என்பது பெயரில் இல்லை. உங்கள் நண்பர்களின் குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.