10 மில்லிசெகண்ட் ஏன் 11 ஆகிறது?

கேள்வி: எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் ஃப்ரீஆர்டிஓஎஸ் (டாஸ்க்குகளை நேரப்படி ஓட்டும் சிறிய இயங்குதளம்) ஓடுகிறது, அதன் கடிகாரத் துடிப்பான டிக் 1000 ஹெர்ட்ஸ், அதாவது மில்லிசெகண்டுக்கு ஒன்று. 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை சென்சாரைப் படிக்க, லூப்பின் கடைசியில் விடாஸ்க்டிலே(10) போட்டிருக்கிறேன். ஒரு மணி நேரத்தில் 3,60,000 அளவீடுகள் வர வேண்டும், 3,27,272தான் வருகிறது. கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) டைமரே சரியில்லையா?

பதில்: கெர்னல்மேல் பழி போடுவதற்கு முன்னால் ஒரு வகுத்தல் போட்டுப் பாருங்கள். 36 லட்சம் மில்லிசெகண்டை 3,27,272ஆல் வகுத்தால் அச்சாக 11 வருகிறது. கோளாறான டைமர் இவ்வளவு ஒழுங்காகத் தவறாது.

விடாஸ்க்டிலே(10) என்றால், கூப்பிட்ட நேரத்திலிருந்து பத்தாவது டிக்கில் எழுப்பு என்று பொருள். உங்கள் வேலை 1 மில்லிசெகண்டைத் தாண்டி, 2க்குள் முடிகிறது போலிருக்கிறது. அதற்குள் ஒரு டிக் கடந்துவிடுகிறது. அங்கிருந்து பத்து எண்ணினால் பதினொன்றுதானே? லூப்பில் பிரின்ட்எஃப் (சீரியல் போர்ட் வழியாக எழுத்துகளை அனுப்பும் கட்டளை) இருக்கிறதா என்று பாருங்கள். 115200 பாட் (செகண்டுக்கு இத்தனை பிட்) வேகத்தில் ஓர் எழுத்து வெளியேற சுமார் 87 மைக்ரோசெகண்ட். 15 எழுத்துக்கே 1.3 மில்லிசெகண்ட் போய்விடும். நான் முதலில் சந்தேகப்படுவது எப்போதும் அதைத்தான்.

சரி, என்ன செய்வது? எக்ஸ்டாஸ்க்டிலேஅன்டில் பயன்படுத்துங்கள். அது முந்தைய எழும் நேரத்திலிருந்து கணக்கிடும். வேலைக்குப் பிடித்த நேரம் சுற்றில் சேராது. தொடக்க டிக்கை லூப்புக்கு வெளியே ஒரே ஒரு முறை எடுங்கள். உள்ளே எடுத்தால் பழைய கதைதான். எக்ஸ்டாஸ்க்டிலேஅன்டில் எப்போதாவது பிடிஃபால்ஸ் ('இல்லை' என்ற விடை) திருப்பினால், அந்தச் சுற்றில் டாஸ்க் தூங்கவே இல்லை, வேலை 10 மில்லிசெகண்டைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

இதற்கப்புறமும் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் பிசகினால் கடிகார மூலத்தைப் பாருங்கள். கடிகாரத் துடிப்பைத் தர சிப்புக்குள்ளேயே இருக்கும் ஆர்சி ஆஸிலேட்டரில் 1 சதவீதப் பிழை சாதாரணம். மணிக்கு 3,600 அளவீடுகள் அதிலேயே போகும். 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை) கிரிஸ்டல் மாட்டினால் அந்த இழப்பு ஏழுதான்.

மிச்சமிருப்பது ஜிட்டர், அதாவது எழும் நேரம் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் முன்பின்னாவது. பெரிய முன்னுரிமை டாஸ்க்கோ இன்டரப்டோ (ஹார்டுவேரின் அவசர அழைப்பு) குறுக்கே வந்தால் உங்கள் டாஸ்க் கொஞ்சம் தாமதமாகத்தான் ஓடும். டாஸ்க் எழுந்ததும் சிப்பின் ஒரு வெளியீட்டு பின்னின் (pin) நிலையை மாற்றிவிட்டு, லாஜிக் அனலைசரில் (சிக்னல் மாறும் நேரத்தைக் காட்டும் கருவி) அளந்து பாருங்கள். டிக்கை 10,000க்கு ஏற்றினால் தீருமே என்று தோன்றும்; தீராது, செகண்டுக்குப் பத்தாயிரம் இன்டரப்ட்தான் மிச்சம். சில மைக்ரோசெகண்ட் பிசகக்கூட இடமில்லாத அனலாக் சென்சார் என்றால், ஹார்டுவேர் டைமரே ஏடிசியைத் (அனலாக் சிக்னலை எண்ணாக மாற்றும் பகுதி) தூண்டட்டும், டிஎம்ஏ (பிராசஸர் தலையிடாமல் தரவை நினைவகத்துக்கு நகர்த்தும் பகுதி) மதிப்புகளைச் சேர்த்து வைக்கட்டும். டாஸ்க் சாவகாசமாக எழுந்து வந்து எடுத்துக்கொள்ளலாம்.