வேலைக்குப் போகிற கதைகள்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எங்கள் பையர்களில் ஒருவர் கனடாவின் மாண்ட்ரியல்காரர். பத்து வருடமாக அந்த ஆட்களோடு தினமும் மெயில், போன். என் பெயர் அவர்கள் வாயில் நுழையாது, ‘சாம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். டிசம்பரில் டொராண்டோவில் படிக்கும் அக்கா மகன் ஊருக்கு வருகிறான். “மாமா, என்ன வாங்கிட்டு வரட்டும்?” என்று கேட்டான். சாக்லேட் வேண்டாம், அந்த ஊர்க் கதைப் புத்தகம் இரண்டு வாங்கி வா என்றேன். எந்தப் புத்தகம் என்று அவன் திருப்பிக் கேட்டதும் முழித்தேன்.

நான் படித்த கனடா இலக்கியம், மொழிபெயர்ப்பில் ஆலிஸ் மன்றோவின் ஒரே ஒரு கதை. உண்மையைச் சொன்னால், அதில் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் அவர் மகள் எழுதிய செய்தி வந்தது, மேற்கொண்டு படிக்க மனம் வரவில்லை. இப்போது எழுதுகிறவர்களைத் தேடினால் பாதிப் பேர் வேறு நாடுகளிலிருந்து போனவர்கள். ஊர் ஞாபகம், அகதித் துயரம், அம்மா சமையல் என்றே பின்னட்டைகள் சொல்கின்றன. வெள்ளைக்காரர்கள் பரிதாபப்படுவதற்காக எழுதியதுபோல இருக்கிறது. நான் நினைப்பது தவறா? எங்கிருந்து தொடங்கலாம்? (பெயர் வெளியிட வேண்டாம்.)

ஒரு வாசகர், திருப்பூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

பின்னட்டையை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரிதான். நானும் அப்படியே நினைத்துச் சில வருடம் ஒதுங்கி இருந்தேன். ஒரு தொகுப்பில் இருந்த ஒரே ஒரு கதைதான் என்னைப் பிடித்து உட்காரவைத்தது. அந்தக் கதையில் மண்புழு பொறுக்குகிறார்கள்.

ஒண்டாரியோ மாகாணத்தின் தென்பகுதியில் இது உண்மையிலேயே ஒரு தொழில். தூண்டிலில் மாட்டுவதற்குப் புழு வேண்டும். அது இரவில்தான், ஈர நிலத்தில்தான் மேலே வரும். நெற்றியில் விளக்கும் காலில் டப்பாவும் கட்டிக்கொண்டு குனிந்த முதுகோடு பொறுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் புழு அறுந்துவிடும். விட்டுப்பிடித்து, அது தளரும் நேரம் பார்த்து உருவ வேண்டும். ஆயிரம் புழுவுக்கு இவ்வளவு என்று கூலி. புதிதாக வந்து இறங்கியவர்கள்தான் பெரும்பாலும் இந்த வேலைக்குப் போகிறவர்கள்.

சுவன்கம் தம்மவோங்சாவின் கதையில் ஒரு லாவோஸ்காரத் தாய் இந்த வேலைக்குப் போகிறாள். பதினாலு வயது மகளும் கூடப் போகிறாள். அம்மா அதில் கெட்டிக்காரி. அந்த வேலை அவளுக்குப் பிடித்தும் இருக்கிறது. கவனியுங்கள், பிடித்திருக்கிறது! மகளுடைய பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன், வெள்ளைக்காரன், அவனும் அங்கே வேலைக்கு வருகிறான். கொஞ்ச நாளில் அவன் மேலாள் ஆகிவிடுகிறான். அம்மா அவனுக்குக் கீழே. இருபது வருடம் செக்கிங்கில் நின்ற அக்காவுக்கு மேலே நேற்று வந்த பையன் சூப்பர்வைசராக உட்காருவதை நீங்கள் உங்கள் கம்பெனியிலேயே பார்த்திருப்பீர்கள். இதைப் படித்தால் யாருக்கும் பரிதாபம் வராது. வயிறு எரியும். இரண்டும் வேறு வேறு.

இந்தக் கதை இருக்கும் தொகுப்பு ‘ஹவ் டு ப்ரொனவுன்ஸ் நைஃப்’. 2020-இல் கனடாவின் கில்லர் இலக்கியப் பரிசு வாங்கியது. தம்மவோங்சா 1978-இல் தாய்லாந்தில் ஓர் அகதி முகாமில் பிறந்தவர், டொராண்டோவில் வளர்ந்தவர். இதற்கு முன்னால் நான்கு கவிதை நூல்கள் எழுதியவர். தலைப்புக் கதையை நானே சொல்லிவிடுகிறேன், படிக்கும்போது ருசி குறையாது. வாசிப்புப் புத்தகத்தில் ‘நைஃப்’ என்ற சொல் வருகிறது. எப்படிப் படிப்பது என்று சிறுமி அப்பாவிடம் கேட்கிறாள். அந்த வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எழுத்தைக் கூட்டி, முதலில் நிற்கும் ‘க்’கையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறார். மறுநாள் வகுப்பில் அவள் அப்படியே படிக்கிறாள். தப்பு என்கிறார்கள். தப்பில்லை என்று நிற்கிறாள். அந்த எழுத்து முதலில்தானே இருக்கிறது, அப்புறம் ஏன் சத்தம் வராது? தலைமையாசிரியர் அறை வரைக்கும் விஷயம் போகிறது. அப்பா சொன்னது தப்பு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. விட்டுக்கொடுத்தால் யாரை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்பதும் தெரியும்.

தமிழ் மீடியத்தில் படித்த நமக்கு இந்தக் கதைக்கு உரை வேண்டியதில்லை. ‘கர்னல்’ என்று படிக்க வேண்டிய சொல்லை நான் ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று ‘கொலோனல்’ என்று கணீரென்று படித்தவன். சொல்லிக்கொடுத்தது என் தாய்மாமன். அவர் இருந்தவரை நான் அதை அவரிடம் சொல்லவில்லை.

உங்களுக்கு இதைப் பரிந்துரைக்க வேறு ஒரு காரணமும் உண்டு. ஷிப்மெண்ட் மெயில் எழுதுகிற ஆங்கிலம் போதும், படித்துவிடலாம். வாக்கியங்கள் அவ்வளவு குட்டை.

இங்கே நான் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் கதைகளில் ஒருவன் காலையில் ஆபீஸுக்குக் கிளம்புவான், மாலையில் களைத்து வருவான். நடுவில் அங்கே என்ன செய்தான் என்று தெரியாது. கிளார்க், டீச்சர், எஞ்சினியர் என்று ஒரு சொல் இருக்கும், அவ்வளவுதான். விதிவிலக்குகள் உண்டு, சண்டைக்கு வர வேண்டாம். கனடாக்காரர்களின் நல்ல சிறுகதைகளில் வேலையே கதை. கை என்ன செய்கிறது, முதுகு எங்கே வலிக்கிறது, யார் யாருக்குக் கீழே, கூலி எப்படி, எல்லாம் இருக்கும். நாடு விட்டு நாடு போனவர்கள் கதையில் இது இன்னும் கூடுதலாக வருவதற்குக் காரணம் எளிது. புது ஊரில் அவர்களுக்கு முதலில் கிடைப்பது மொழியோ நண்பர்களோ கிடையாது, வேலைதான்.

வின்சென்ட் லாம் என்றொரு டாக்டர், டொராண்டோவில் அவசரசிகிச்சைப் பிரிவில் இருந்தவர். மருத்துவ மாணவர்கள் டாக்டராகிற கதைகளை ஒன்றோடொன்று கோத்து எழுதினார். 2006-இல் அதற்கும் கில்லர் கிடைத்தது. அதில் மூன்று மாணவர்கள் ஒரு பிணத்தை அறுத்துப் பாடம் படிக்கிறார்கள். கையில் பச்சை குத்தியிருக்கிறது. கையேட்டில் போட்டிருக்கிறபடி கத்தியை வைத்தால் பச்சை இரண்டாகக் கிழிந்துவிடும். கையேடு சொல்கிறபடியே வெட்டு என்கிறாள் ஒருத்தி. சுற்றிப் போவோம் என்கிறான் இன்னொருவன். கதைக்கு இதைவிடப் பெரிய சண்டை தேவைப்படவில்லை. 2003-இல் டொராண்டோவை ஆட்டிவைத்த சார்ஸ் காய்ச்சலும் அந்தத் தொகுப்பில் வருகிறது. கொரோனாவுக்குப் பிறகு அந்தப் பக்கங்களை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

இதெல்லாம் குடியேறிகள் கண்டுபிடித்த பாணி என்றும் நினைத்துவிடாதீர்கள். கனடாவின் கிழக்கோரத்துக் கேப் பிரட்டன் தீவைப் பற்றி எழுதிய அலிஸ்டர் மெக்லவுட் சுரங்கத்திலும் மரம்வெட்டும் முகாமிலும் வேலைசெய்து படித்தவர். ‘ஐலண்ட்’ என்ற அவருடைய முழுத்தொகுப்பில் மொத்தமே 16 கதைகள். ‘தி போட்’ என்ற கதையில் வரும் அப்பா மீனவர். புத்தகப் பைத்தியம், கல்லூரிக்குப் போக ஆசைப்பட்டவர், கடைசிவரை கடலைவிட்டு வர முடியாதவர். உப்புநீரில் ஊறிய மழைக்கோட்டு மணிக்கட்டை அறுக்காமல் இருக்கப் பித்தளைச் சங்கிலியைக் கையில் சுற்றியிருப்பார். கதை முடியும்போது அந்தச் சங்கிலியை இன்னொரு முறை பார்ப்போம். எந்த நிலையில் என்று சொல்ல மாட்டேன்.

மன்றோவுக்கு வருகிறேன். நீங்கள் எந்தக் கதையைப் படித்தீர்கள் என்று எழுதவில்லை. வயதான காலத்து மன்றோவாக இருக்க வேண்டும், அவை மெதுவாகத்தான் வேலைசெய்யும். 1968-இல் வந்த முதல் தொகுப்பில் ‘பாய்ஸ் அண்ட் கேர்ல்ஸ்’ என்று ஒரு கதை. அப்பா தோலுக்காக நரி வளர்க்கிறார் (மன்றோவின் அப்பாவும் அதே தொழில்தான்). மகள் கோடையில் நரிகளுக்குத் தண்ணீர் சுமக்கிறாள், தன்னை அப்பாவின் வேலையாளாகவே நினைத்துக்கொள்கிறாள். நரிக்கு இரையாகக் கொல்லவிருந்த குதிரை ஓடிவரும்போது கதவை மூடாமல் அகலத் திறந்துவிடுகிறாள். விஷயம் தெரிந்ததும் அப்பா கோபப்படவில்லை. அவள் பொண்ணுதானே என்று முடித்துவிடுகிறார். ஒன்றும் நடக்கவில்லை என்கிறீர்களே, இதில் ஒருத்திக்கு வேலையே போய்விட்டது.

மகள் விஷயம். 2024 மே மாதம் மன்றோ இறந்தார். ஜூலையில் அவருடைய இளைய மகள், சிறுவயதில் மாற்றாந்தகப்பன் தன்னிடம் தவறாக நடந்ததையும், அது தெரிந்த பிறகும் அம்மா அந்த ஆளோடுதான் வாழ்ந்தார் என்பதையும் பத்திரிகையில் எழுதினார். அந்த ஆள் 2005-லேயே நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர். எழுத்து வேறு, ஆள் வேறு என்று உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் அலமாரியிலிருந்து அவர் புத்தகங்களை நான் எடுக்கவில்லை. அந்த வருடம் முழுக்கத் தொடவும் இல்லை. உங்களுக்கு மனம் வராவிட்டால் விட்டுவிடுங்கள், குடி முழுகிப்போகாது.

அங்கே சிறுகதைக்கு எப்படி இவ்வளவு மரியாதை என்று யோசித்ததுண்டு. ஒரு காரணம் வானொலி. கனடா அரசு வானொலியில் ராபர்ட் வீவர் என்ற தயாரிப்பாளர் 1950-களில் சிறுகதைகளைக் காசு கொடுத்து வாங்கி ஒலிபரப்பினார். மன்றோவின் தொடக்கக் கதைகளை வாங்கியவர்களில் அவரும் ஒருவர். நமக்கு வாரப் பத்திரிகை செய்ததை அங்கே வானொலியும் செய்திருக்கிறது. கில்லர் பரிசு 1994-இல் தொடங்கியது, 2025-இல் தொகை ஒரு லட்சம் டாலர். நாவலும் சிறுகதைத் தொகுப்பும் ஒரே பந்தியில் உட்காரும். மன்றோ இரண்டு முறை, லாம், லின் கோடி, தம்மவோங்சா என்று சிறுகதைக்காரர்களும் வாங்கியிருக்கிறார்கள். புதியவர்களுடைய தனிக்கதைக்கு ‘ஜர்னி பரிசு’ என்று ஒன்று வந்தது. ஜேம்ஸ் மிச்சனர் என்ற அமெரிக்க எழுத்தாளர் தன் நாவலின் கனடா ராயல்டியைக் கொடுத்து உண்டாக்கியது. இங்கே தொகுப்போடு போனால் பதிப்பாளர் முதலில் கேட்பது “நாவல் எதுவும் கையில் இல்லையா சார்?”

அந்த ஜர்னி பரிசை 2017-இல் வாங்கியவர் ஷரன் பாலா. அடுத்த வருடம் அவருடைய நாவல் ‘தி போட் பீப்பிள்’ வந்தது. 2010-இல் 492 ஈழத்தமிழர்களோடு பிரிட்டிஷ் கொலம்பியா கரைக்கு வந்த சன் சீ கப்பல்தான் அதற்கு அடிப்படை. அகதித் துயரம் என்று நீங்கள் ஒதுக்கக்கூடிய புத்தகம். ஆனால் அதிலும் என் மனதில் நின்றவள் கிரேஸ், அகதிகளை உள்ளே விடலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்வதை வேலையாகச் செய்கிற ஜப்பானியக் கனடியப் பெண். இரண்டாம் உலகப் போரில் அவள் குடும்பத்தையே கனடா முகாமில் அடைத்திருந்தது. காலை ஒன்பது மணிக்கு அவள் போய் உட்காருகிற நாற்காலி அது. (கனடாவில் இருந்துகொண்டு தமிழிலேயே எழுதும் அ. முத்துலிங்கம் முதலானவர்களைப் பற்றி இங்கே தொடவில்லை. அது தனிக் கட்டுரை.)

சிரிப்பு வேண்டுமென்றால் ரோஹின்டன் மிஸ்திரி. புதியவர் இல்லை, 1987-இல் வந்த தொகுப்பு, பம்பாயின் ஒரு பார்சி குடியிருப்பைச் சுற்றிய கதைகள். பத்து வருடத்தில் முழுக் கனடியன் ஆகிக்காட்டுவேன், இல்லாவிட்டால் திரும்பி வந்துவிடுவேன் என்று சபதம் செய்துவிட்டுப் போகிற ஒருவனால் எல்லாம் முடிகிறது, வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்காருவது மட்டும் முடியவில்லை. ஏறிக் குந்தினால்தான் ஆகிறது. என் வீட்டில் சத்தமாகப் படித்துக்காட்டி, அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

சரி, பட்டியல். முதலில் ‘ஹவ் டு ப்ரொனவுன்ஸ் நைஃப்’. இரண்டாவதாகத் தம்மவோங்சாவின் நாவல் ‘பிக் எ கலர்’. 2025-இல் அவருக்கு இரண்டாவது கில்லரை வாங்கித்தந்தது. ஒரு நகப்பூச்சு சலூனில் ஒரே ஒரு நாள். நடத்துபவள் முன்னாள் குத்துச்சண்டைக்காரி, பெயர் நிங். ஆனால் அங்கே வேலைசெய்கிற எல்லாப் பெண்களின் நெஞ்சிலும் ஒரே பெயர் அட்டை, ‘சூசன்’. வருகிறவர்களுக்கு யாராக இருந்தால் என்ன, சூசன் போதும். பெட்டியில் இடம் மிச்சமிருந்தால் தீபா ராஜகோபாலனின் ‘பீகாக்ஸ் ஆஃப் இன்ஸ்டாகிராம்’. 2024 கில்லர் இறுதிப்பட்டியலுக்கு வந்த கதைத்தொகுப்பு. தலைப்புக் கதையில் வருபவள் காபிக்கடையில் காபி கொடுத்துக்கொண்டே இன்ஸ்டாகிராமில் மயில் நகை போட்டுப் பிரபலமாகிறாள். பேய்க்கதை பிடிக்குமென்றால் அனுஜா வர்கீஸின் ‘கிரிசாலிஸ்’, 2023-இல் கவர்னர் ஜெனரல் பரிசு வாங்கியது. எனக்கு அதில் பாதிக் கதைகள்தான் ஒட்டின.

எல்லாம் பேப்பர்பேக்கில் வாங்கச் சொல்லுங்கள். கெட்டி அட்டை இரண்டு கிலோவை விழுங்கிவிடும், அக்கா ஊறுகாய்க்கு இடமில்லை என்று சத்தம்போடுவார்.

கேட்டபடி உங்கள் பெயரை எடுத்துவிட்டேன். ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அவர்கள் உங்களை ‘சாம்’ என்கிறார்கள், சரி. பத்து வருடத்தில் உங்கள் ஆபீஸில் அந்த மாண்ட்ரியல்காரர்களுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருப்பீர்களே, அது என்ன? எழுதுங்கள். வெளியிட மாட்டேன்.