மழை முடிந்து மலை சைக்கிளை எடுத்தால் செம்மண்ணில் ஏன் வழுக்குகிறது?

பிடிமானம் என்றால் டயர் மண்ணைக் கவ்வுவது, அவ்வளவுதான். ஆண்டு இறுதி மழை முழுக்கச் சும்மா கிடந்த சைக்கிளில் காற்று இறங்கியிருக்கும், நாமும் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் கிளம்பும் அவசரத்தில் டயர் கல் மாதிரி ஆகும்வரை காற்றடித்துவிடுவோம். அப்புறம் முதல் மேட்டிலேயே பின்சக்கரம் சுற்றும், சைக்கிள் நகராது.

காற்றைச் சற்றுக் குறைத்தால் டயர் தட்டையாகி அதிக இடத்தைத் தொடும், சரளைக்கல்லைச் சுற்றி வளைந்துகொள்ளும். பாசிப் படியில் வெறுங்காலை ஊன்றுவதற்கும் கட்டைச் செருப்போடு ஏறுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். டயரின் காற்றழுத்தம் 40 பிஎஸ்ஐ இருந்தால் 30 வரை இறக்கிப் பாருங்கள், டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட குறைந்த அளவுக்குக் கீழே மட்டும் போகாதீர்கள், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி டியூப் கிழியும்.

காற்று குறைந்தால் வேகமும் குறையும் என்று பலர் நினைப்பது தார் ரோட்டுக்குத்தான் பொருந்தும். கரடுமுரடான மண்ணில் இறுகிய டயர் குதித்துக் குதித்தே நம் பலத்தைத் தின்றுவிடும்.