சூயஸ் அடைபட்டால் என்ன செய்வோம்? மூன்று மணி நேரத்தில் ஒத்திகை பார்க்கலாம்

கேள்வி: தூத்துக்குடியில் சரக்கு ஃபார்வர்டிங் (ஏற்றுமதியாளர்களின் சரக்கைக் கப்பல் நிறுவனங்கள் மூலம் அனுப்பிவைக்கும்) நிறுவனம் ஒன்றில் செயல்பாட்டு மேலாளராக இருக்கிறேன். மொத்தம் நாற்பது பேர். திருப்பூர், கரூர் சரக்கு பெரும்பாலும் கொழும்பு வழியாக ஐரோப்பாவுக்குப் போகிறது. எங்கள் வாடிக்கையாளர் ஒருவரிடம் துணி வாங்கும் ஜெர்மன் நிறுவனம், “சூயஸ் கால்வாய் மூடப்பட்டால் உங்கள் தொடர்செயல்பாட்டுத் திட்டம் என்ன, அதை ஒத்திகை பார்த்ததற்கு ஆதாரம் உண்டா” என்று கேட்கிறது. பதினெட்டுப் பக்கத்தில் ஒரு திட்டம் இருக்கிறது. ஒத்திகை நடத்தியதே இல்லை. கால்வாய் நிர்வாகங்கள் சிமுலேட்டர் வைத்துப் பயிற்சி செய்வதாகக் கேள்விப்பட்டேன். நாங்களும் அப்படி ஏதாவது மென்பொருள் வாங்க வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒரு மேசை, எட்டு நாற்காலி, சுவரில் கடிகாரம், பேசாமல் இருந்து குறிப்பெடுக்கத் தெரிந்த ஒருவர் போதும். கடைசியாகச் சொன்னவர் கிடைப்பதுதான் சிரமம்.

சிமுலேட்டர் என்ற சொல் உங்களைக் குழப்பியிருக்கிறது. சூயஸ் கால்வாய் ஆணையம் இஸ்மாயிலியாவில் வைத்திருக்கும் சிமுலேட்டர், கப்பலைக் கால்வாய்க்குள் நடத்திச் செல்லும் பைலட்டுகளுக்கானது. பிரான்ஸில் கிரனோபிள் நகருக்கு அருகே போர்ட் ரெவெல் என்ற இடத்தில், 25-இல் ஒரு பங்கு அளவில் செய்த கப்பல்களில் பைலட்டுகளே ஏறி உட்கார்ந்து ஏரியில் ஓட்டிப் பழகுகிறார்கள். அளவு 25 மடங்கு குறைந்தால் நேரம் 5 மடங்கு வேகமாக ஓடும். நிஜக் கப்பலில் 5 நிமிடம் கிடைக்கும் இடத்தில் அங்கே 1 நிமிடம்தான். குறுகிய கால்வாயில் பெரிய கப்பல் கரையை நெருங்கினால் அதன் பின்பக்கம் அந்தக் கரையை நோக்கி இழுபடும், முன்பக்கம் எதிர்க்கரைக்குத் திரும்பும். இதைக் கையும் கண்ணும் பழக அப்படி ஓர் ஏற்பாடு தேவைதான். கப்பல் குறுக்கே நின்ற பிறகு, தூத்துக்குடியில் தொலைபேசி அடிக்கத் தொடங்கும்போது யார் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது உங்கள் தேவை. அதற்கு மேசைப் பயிற்சி என்று பெயர். கற்பனையாக ஒரு நிகழ்வு, அடுத்தடுத்து வந்து சேரும் தகவல்கள், மேசையைச் சுற்றி இருப்பவர்கள் தங்கள் சொந்தப் பதவியில் இருந்தபடியே எடுக்கும் முடிவுகள். இவ்வளவுதான்.

உங்கள் திட்டத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் அது போன்ற பதினெட்டுப் பக்கங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். “கால்வாய் ஏழு நாட்களுக்கு மேல் மூடப்பட்டால் மாற்று ஏற்பாடு” என்ற பொருளில் எங்காவது ஒரு வரி இருக்கும். ஏழு நாட்களுக்கு மேல் ஆகும் என்று முதல் நாள் யார் வந்து சொல்லப்போகிறார்கள்?

2021 மார்ச் 23, செவ்வாய்க்கிழமை காலை எவர் கிவன் என்ற கப்பல் சூயஸ் கால்வாயில் தரைதட்டிக் குறுக்கே நின்றது. 400 மீட்டர் நீளம், ஏறத்தாழ 20,000 பெட்டகம் கொள்ளும் கப்பல். மலேசியாவிலிருந்து ராட்டர்டாமுக்குப் போய்க்கொண்டிருந்தது. சூயஸ் வழியாக ஐரோப்பாவுக்குப் போகும் உங்கள் சரக்கும் அதே திசையில், அதே வரிசையில்தான் போகும். மறுநாளே கப்பல் பாதி மிதந்துவிட்டது என்று ஒரு தகவல் பரவியது. அது தவறு என்று பிறகு தெரிந்தது. மீட்பு வேலைக்கு வந்த குழுவின் தாய் நிறுவனமான போஸ்காலிஸின் தலைவர், வாரக்கணக்கில்கூட ஆகலாம் என்றார். அந்த வார இறுதிக்குள் சில கப்பல் நிறுவனங்கள் தங்கள் கப்பல்களை ஆப்பிரிக்காவைச் சுற்றித் திருப்பிவிட்டன. 28-ஆம் தேதி பௌர்ணமி. நீர்மட்டம் உயர்ந்தது. ஏறத்தாழ 30,000 கன மீட்டர் மணலைத் தோண்டி, இழுவைக் கப்பல்கள் இழுத்து, 29-ஆம் தேதி கப்பல் மிதந்தது. காத்திருந்த 422 கப்பல்களும் கடந்து முடிக்க ஏப்ரல் 3 ஆயிற்று. திருப்பியவர்கள் முட்டாள்களும் அல்லர், காத்திருந்தவர்கள் மேதைகளும் அல்லர். இரு தரப்புக்கும் கிடைத்த தகவல் ஒன்றுதான்.

அடுத்த ஆண்டு, 2022 ஆகஸ்ட் 31 அன்று, அஃபினிட்டி வி என்ற எண்ணெய்க் கப்பலும் அங்கே தரைதட்டியது. சுமார் ஐந்து மணி நேரத்தில் இழுத்துவிட்டார்கள். 1967-இல் போர் மூண்டு கால்வாய் மூடியபோது உள்ளே சிக்கிய கப்பல்கள் எட்டு ஆண்டு கிடந்தன. கால்வாய் 1975 ஜூனில்தான் திறந்தது. ஐந்து மணி நேரம், ஆறு நாள், எட்டு ஆண்டு. முதல் மணி நேரத்தில் மூன்றுக்கும் செய்தி ஒன்றேதான்: போக்குவரத்து நின்றிருக்கிறது.

ஆகவே உங்கள் ஒத்திகையில் ஒரே ஒரு விஷயத்தைச் சோதித்தால் போதும். எத்தனை நாள் என்று தெரியாத நிலையில் உங்கள் ஆட்கள் முடிவெடுக்கிறார்களா, அல்லது யாராவது எண்ணைச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார்களா? மற்றவை தானாக வெளிவரும்.

இனி மேசைக்கு வருவோம். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். அதற்குள் ஆறு நாளை அடக்குங்கள், அரை மணிக்கு ஒரு நாள். மேசையைச் சுற்றி இவர்கள் இருக்கட்டும்: ஏற்றுமதி ஆவணம் பார்ப்பவர், கப்பல் நிறுவனங்களிடம் இடம் பதிவு செய்பவர், சி.எஃப்.எஸ். (சரக்கைப் பெட்டகத்தில் ஏற்றும் நிலையம்) பொறுப்பாளர், கணக்கு, வாடிக்கையாளர் தொடர்பு, கொழும்பு முகவரிடம் பேசுபவர், முதலாளி அல்லது அவருக்குப் பதிலாகக் கையெழுத்திடும் உரிமை உள்ளவர். தகவல்களைச் சிறு தாள்களில் முன்கூட்டியே எழுதி, வரிசை எண் போட்டு, நீங்கள் ஒவ்வொன்றாக மேசையில் வையுங்கள். பன்னிரண்டு தாள் தாராளம்.

முதல் தாள் செவ்வாய் காலை 11.30. எகிப்தில் 8 மணி. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய வரைபடப் படம், அதில் கால்வாயின் குறுக்கே ஒரு கப்பல். வேறு விளக்கம் இல்லை. அடுத்த தாளைப் பத்து நிமிடம் கொடுக்காதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில் யாராவது “நம் பெட்டிகள் எங்கெங்கே இருக்கின்றன” என்று கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காவிட்டால் இரண்டாவது தாள் கேட்கட்டும்: திருப்பூரிலிருந்து வாடிக்கையாளர் அழைப்பு.

இந்த இடத்தில் கற்பனையை நிறுத்திவிட்டு நிஜத்துக்கு வாருங்கள். அன்றைய உண்மையான சரக்குப் பட்டியலைக் கையில் எடுக்கச் சொல்லுங்கள். எந்தப் பெட்டி இன்னும் சி.எஃப்.எஸ்.ஸில், எது கொழும்புக்குக் கொண்டுபோகும் சிறிய ஃபீடர் கப்பலில், எது கொழும்பில் ஐரோப்பா போகும் பெரிய தாய்க் கப்பலுக்காகக் காத்திருக்கிறது, எது செங்கடலில் என்று அரை மணிக்குள் ஒரே தாளில் வர வேண்டும். எஃப்.ஓ.பி. முறையில் விற்ற சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏறிய பின் அதன் இடர்ப்பாடு வாங்குபவருடையது, ஏறாதது ஏற்றுமதியாளருடையது. ஆகவே, “விமானத்தில் அனுப்புங்கள், செலவு உங்களுடையது” என்று மூன்றாம் நாள் ஐரோப்பாவிலிருந்து வரும் மின்னஞ்சலுக்கு என்ன பதில் சொல்வது என்பது இந்தத் தாளை வைத்துத்தான். பல அலுவலகங்களில் அரை மணியில் இந்தத் தாள் வருவதில்லை. ஒருவர் எக்செல் கோப்பில் வைத்திருப்பார், இன்னொருவர் டைரியில், மூன்றாமவர் மனத்தில்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் நடத்திய ஒரு பயிற்சியில் நான்காம் நாள் தாள் இப்படி இருந்தது: “விமானத்தில் இரண்டு டன் இடம் இருக்கிறது, 40 நிமிடத்தில் உறுதி சொல்ல வேண்டும்.” திட்டத்தைப் புரட்டினார்கள். “நிர்வாக இயக்குநரின் ஒப்புதலுடன்” என்று இருந்தது. நான் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினேன்: இயக்குநர் துபாய் விமானத்தில் இருக்கிறார். அதன் பிறகு பதினோரு நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். நேர் எதிரே இயக்குநர் நிஜமாகவே உட்கார்ந்திருந்தார், பேசக்கூடாது என்பது விதி. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மறுவாரமே எவ்வளவு தொகைவரை யார் கையெழுத்திடலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

தகவல்களில் குறைந்தது இரண்டு ஒன்றுக்கொன்று முரண்பட வேண்டும். ஒரு கப்பல் நிறுவனம் காத்திருக்கிறோம் என்கிறது, இன்னொன்று நன்னம்பிக்கை முனை வழியாகப் போகிறோம், பத்து நாளுக்கு மேல் தாமதம் என்கிறது. இரண்டிலும் உங்கள் சரக்கு இருக்கிறது. ஐந்தாம் நாள் கப்பல் மிதந்துவிட்டது என்று தாள் வந்ததும் எல்லோரும் மூச்சுவிட்டு எழுந்திருக்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள். அதன் பிறகுதான் ஐரோப்பியத் துறைமுகங்களில் எல்லாக் கப்பல்களும் சேர்ந்தாற்போல் வந்து நெரியும், காலிப் பெட்டகம் திரும்பி வராது, அடுத்த ஏற்றுமதிக்குத் தூத்துக்குடியில் பெட்டி கிடைக்காது.

கடைசித் தாளை உறையில் போட்டு வையுங்கள். அது ஜெனரல் ஆவரேஜ் அறிவிப்பு. எவர் கிவன் உரிமையாளர் 2021 ஏப்ரல் 1 அன்று இதை அறிவித்தார். கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆன அசாதாரணச் செலவைச் சரக்கு உரிமையாளர்களும் தங்கள் மதிப்புக்கேற்பப் பகிர வேண்டும், அதற்கு உறுதிப் பத்திரம் கொடுத்தால்தான் பெட்டி கையில் கிடைக்கும். காப்பீடு இருந்தால் காப்பீட்டு நிறுவனம் உத்தரவாதம் தரும். இல்லாதவர் பணம் கட்ட வேண்டும். ஒரே பெட்டகத்தில் ஒன்பது பேருடைய சரக்கைச் சேர்த்து ஏற்றி உங்கள் பெயரில் பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றதற்கான கப்பல் ரசீது) கொடுத்திருந்தால், ஒன்பது பேரிடமும் பத்திரம் வாங்குவது உங்கள் தலையில் விழும். ஒருவர் இழுத்தடித்தாலும் பெட்டி நகராது. அந்த ஒன்பது பேரில் யாரிடம் காப்பீடு இருக்கிறது என்று அந்த மேசையில் யாருக்காவது தெரியுமா? எவர் கிவன் மிதந்த பிறகும், இழப்பீட்டுத் தகராறில் ஜூலை 7 வரை கால்வாய் வழியிலேயே உள்ள கிரேட் பிட்டர் ஏரியில் நிறுத்தி வைக்கப்பட்டது என்பதையும் தாளின் பின்பக்கம் எழுதுங்கள். ஃபார்வர்டருக்கு இந்த ஒத்திகையில் மிகவும் பயன் தரும் பகுதி இதுதான் என்பது என் கருத்து. திட்டங்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போவதும் இதுதான்.

ஓர் எச்சரிக்கை. ஒத்திகையின்போது அனுப்பும் ஒவ்வொரு செய்தியின் முதலிலும் முடிவிலும் “பயிற்சி, பயிற்சி, பயிற்சி” என்று இருக்க வேண்டும். தொலைபேசியிலும் அப்படியே. வெளியாட்கள் யாருக்கும் உண்மையான மின்னஞ்சல் போகக்கூடாது. வாடிக்கையாளராக நடிக்க உங்கள் அலுவலக ஆள் ஒருவரைப் பக்கத்து அறையில் உட்கார வையுங்கள். “சூயஸ் மறுபடி அடைபட்டது” என்ற ஒரு வரி திருப்பூர் வாட்ஸ்அப் குழுவுக்குள் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது ஒத்திகைக்கு வேறு கதை வேண்டும். 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் மீது ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்களின் தாக்குதல் தொடங்கி, டிசம்பர் நடுவில் பெரிய நிறுவனங்கள் அந்த வழியைக் கைவிட்டன. கால்வாய் ஒரு நாள்கூட மூடப்படவில்லை. “கால்வாய் மூடப்பட்டால்” என்று தொடங்கும் திட்டம் அப்போது அலமாரியிலேயே இருந்திருக்கும். பனாமா கால்வாய்ப் பகுதியில் அதே ஆண்டு வறட்சி. ஒவ்வொரு கப்பல் கடக்கும்போதும் கால்வாய்க்கு நீர் தரும் காட்டூன் ஏரியின் நன்னீர் கடலுக்குப் போகிறது, ஏரி வற்றியது. நாளுக்கு 36 கப்பல் போன இடத்தில் டிசம்பரில் 22 ஆகக் குறைத்தார்கள். வரிசையை முந்த ஒரு கப்பலுக்கு ஏலத்தில் ஏறத்தாழ 40 லட்சம் டாலர் கொடுத்தவர்களும் உண்டு. இப்படி மெல்ல வரும் நெருக்கடிக்கு மூன்று மணி நேர மேசை சரிவராது. வாரம் ஒரு தாள் வீதம் ஆறு வாரம் கொடுத்து, எந்த வாரத்தில் முதல் ஆள் “வாடிக்கையாளரிடம் சொல்லிவிடலாமா” என்று கேட்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று கேட்பீர்கள். தொடர்செயல்பாட்டுக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 22301 திட்டமிட்ட இடைவெளியில் என்று மட்டும் சொல்கிறது. துறைமுகப் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.பி.எஸ். விதிகள் மூன்று மாதத்துக்கு ஒரு சிறு பயிற்சி, ஆண்டுக்கு ஒரு பெரிய பயிற்சி, இரண்டு பெரிய பயிற்சிகளுக்கு நடுவே 18 மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்கின்றன. உங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும் அந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளலாம்.

பயிற்சி முடிந்த அன்றே, எழுந்து போவதற்கு முன், இருபது நிமிடம் பேசுங்கள். மறுநாள் என்றால் எல்லோருக்கும் தாங்கள் சரியாகச் செய்ததாகத்தான் நினைவிருக்கும். ஜெர்மன் நிறுவனத்துக்கு இரண்டு பக்கம் போதும்: தேதி, பங்கேற்ற பதவிகள், நிகழ்வு, எங்கே திணறினீர்கள், அதைச் சரிசெய்யும் பொறுப்பு யாருக்கு, எந்தத் தேதிக்குள். திணறலை மறைக்காதீர்கள். குறையே இல்லை என்று வரும் அறிக்கையை அவர்கள் நம்ப மாட்டார்கள், நானும் நம்ப மாட்டேன். அடுத்த மூன்று மாதத்துக்குள் ஏதாவது ஒரு ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல், திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் உள்ள அத்தனை எண்களுக்கும் அழைத்துப் பாருங்கள். எத்தனை பேர் எடுத்தார்கள் என்பதையும் அறிக்கையில் சேர்த்துவிடலாம்.