நியூரம்பெர்க் டி.எச்.: பாலிடெக்னிக்காகப் பிறந்தது தப்பா?

கேள்வி இது: "அக்கா, ஜெர்மனியில் நியூரம்பெர்க் டி.எச்.சில் (டெக்னிஷ ஹோக்ஷூல, தொழில்நுட்ப உயர்கல்லூரி) மாஸ்டர்ஸ் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. மியூனிக் டி.யூ.வில் (தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) படிக்கிற நண்பர்கள் 'அது நிஜ யுனிவர்சிட்டி இல்லடா' என்கிறார்கள். ஊரில் மாமா கூகுளில் தேடிப் பார்த்துவிட்டு 'பாலிடெக்னிக்காம்ல' என்கிறார். தப்பான இடத்துக்கு வந்துவிட்டேனா?"

தம்பி, மாமா சொன்னதில் பொய்யில்லை. 1823இல் அது நகரப் பாலிடெக்னிக் பள்ளியாகத்தான் தொடங்கியது. ஆனால் அதை நம்மூர் டிப்ளமோவோடு சேர்த்து வைத்துப் பார்க்கக் கூடாது. உங்கள் நண்பர்கள் படிக்கும் மியூனிக் டி.யூ.வும் 1868இல் பாலிடெக்னிக் பள்ளி என்ற பெயரில்தான் தொடங்கியது.

நியூரம்பெர்க் ஒரு காலத்தில் தன்னைத் தானே ஆண்டுகொண்ட வணிக நகரம். 1806இல் மியூனிக்கைத் தலைநகராகக் கொண்ட பவேரியாவோடு சேர்க்கப்பட்டபோது மிஞ்சியிருந்தது பழைய பெருமையும் கடனும்தான். பட்டறைகளுக்குக் குறைவில்லை, புது இயந்திரங்களைப் புரிந்துகொள்ளத்தான் ஆள் இல்லை. நகர நிர்வாகத்தில் இருந்த யோஹன்னஸ் ஷாரர், கைத்தொழில் செய்யப் போகும் பிள்ளைகளுக்குக் கணக்கும் இயற்பியலும் வரைபடமும் சொல்லித்தர இந்தப் பள்ளியை உருவாக்கினார். 1835 டிசம்பர் 7 அன்று இங்கிருந்து பக்கத்து ஊரான ஃபியூர்த்துக்கு ஓடிய ஜெர்மனியின் முதல் நீராவி ரயிலுக்கும் முன்னின்றவர்களில் இவர் ஒருவர். ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் பாதை. 'ஆட்லர்' என்ற அந்த எஞ்சினை இங்கிலாந்தில் ஸ்டீபன்சன் பட்டறையில் செய்து, பாகம் பாகமாகக் கொண்டுவந்து இங்கே பூட்டினார்கள். ஓட்டியவரும் வில்லியம் வில்சன் என்ற ஆங்கிலேயர்தான். எஞ்சினும் வெளியூர், ஓட்டுநரும் வெளியூர். இந்த ஊருக்கு ஒரு தொழில்நுட்பப் பள்ளி ஏன் அவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது என்று வேறு சொல்ல வேண்டுமா? (ஃபியூர்த்தில் அறை எடுத்திருந்தால் கவனியுங்கள்: நீங்கள் ஏறும் யூ1 மெட்ரோ ரயில் பெரும்பாலும் அந்தப் பழைய தடத்தை ஒட்டித்தான் போகிறது.)

அடுத்து, கல்லூரிப் பெயரிலேயே இருக்கிற ஜார்ஜ் சைமன் ஓம். பத்தாம் வகுப்பில் நாமெல்லாம் மனப்பாடம் செய்த ஓம் விதிக்காரர்தான். பக்கத்து எர்லாங்கனில் பிறந்து, கொலோனில் பள்ளி ஆசிரியராக இருந்தபோதே மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றுக்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்தார். 1827இல் புத்தகமாகவும் போட்டார். ஜெர்மன் அறிவுலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பல்கலைக்கழக வேலை கிடைக்கும் என்று நம்பிக் கொலோன் வேலையை விட்டவருக்குச் சில வருடம் அல்லாட்டம்தான். 1833இல் அவருக்கு இடம் கொடுத்தது இந்த நியூரம்பெர்க் பாலிடெக்னிக். 1839இல் அதன் தலைமைப் பொறுப்புக்கும் வந்தார். லண்டன் ராயல் சொசைட்டி 1841இல் தன் உயரிய அறிவியல் விருதான காப்லி பதக்கம் கொடுத்தபோதும் அவர் இங்கேதான் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1849இல் மியூனிக்குக் கிளம்பினார். அவர் ஆசைப்பட்ட பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் பதவி 1852இல்தான் வந்தது. இரண்டே வருடத்தில் இறந்துவிட்டார். 'நிஜ யுனிவர்சிட்டி' பேச்சு வந்தால் ஓமுக்கு நடந்ததை நண்பர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

அந்தஸ்து வித்தியாசம் எங்கே வந்தது? 1830களில் பவேரியாவில் மியூனிக், ஆக்ஸ்பர்க், நியூரம்பெர்க் மூன்று ஊர்களிலும் பாலிடெக்னிக் பள்ளிகள் இருந்தன. 1868இல் அரசு, உயர்கல்வித் தகுதியுள்ள புதுப் பள்ளியை மியூனிக்கில் மட்டும் வைத்தது. நியூரம்பெர்க் பள்ளி ஒரு படி கீழிறக்கப்பட்டு தொழிற்பள்ளி ஆனது. மியூனிக்குக்கு 1901இல் முனைவர் பட்டம் தரும் உரிமை, 1970இல் டி.யூ. என்ற பெயர். மாணவர்களின் தரத்தைப் பார்த்து எடுத்த முடிவாக எனக்கு இது தெரியவில்லை; தலைநகருக்கு முதல் பந்தி போட்டார்கள், அவ்வளவுதான்.

நூறு வருடம் கழித்து 1968இல் பொறியியல் பள்ளி மாணவர்கள் ஜெர்மனி முழுக்க வகுப்பைப் புறக்கணித்துத் தெருவில் இறங்கினார்கள். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூக நாடுகளில் தங்கள் படிப்பு செல்லுமா என்ற பயம். அந்த வருடக் கடைசியில் மாநில முதல்வர்கள் கூடி, ஃபாக்ஹோக்ஷூல என்ற புது வகை உயர்கல்வி நிறுவனத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 1971இல் நியூரம்பெர்க்கும் அப்படி மாறியது. ஆனால் பட்டத்தின் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'எஃப்.எச்.' (ஃபாக்ஹோக்ஷூலவின் சுருக்கம்) என்று ஒரு வால். அரசு வேலையில் அந்த வாலுக்கு ஒரு சம்பள நிலை, வாலில்லாதவருக்கு அதற்கு மேல் ஒன்று. 1999இல் ஐரோப்பிய நாடுகளின் பட்டங்களை ஒரே மாதிரி ஆக்கும் போலோன்யா ஒப்பந்தம் வந்து, பட்டங்கள் பேச்சலர், மாஸ்டர்ஸ் என்று மாறிய பிறகே அது உதிர்ந்தது. டி.எச். என்ற இப்போதைய பெயர் 2013இல் கிடைத்தது. இன்று உங்கள் மாஸ்டர்ஸும் நண்பர்களின் மாஸ்டர்ஸும் சட்டப்படி ஒரே நிலை.

சரி, வகுப்பறைக்கு வருவோம். இங்கே பேராசிரியர் ஆக முனைவர் பட்டம் மட்டும் போதாது. குறைந்தது ஐந்து வருடத் தொழில் அனுபவம் வேண்டும், அதில் மூன்று வருடம் கல்லூரிக்கு வெளியே. வாரம் 18 மணி நேரம் பாடம் எடுக்கிறார்கள், டி.யூ. பேராசிரியருக்கு ஏறக்குறைய அதில் பாதிதான். அதனால் உங்கள் பெயர் அவருக்குத் தெரியும், கதவைத் தட்டினால் பேசுவார். ஆனால் ஆராய்ச்சிக்கு அவருக்கு மிஞ்சும் நேரம் குறைவு. முனைவர் பட்டம்தான் லட்சியம் என்றால் உங்கள் நண்பர்களின் பேச்சில் கொஞ்சம் நியாயம் உண்டு. பவேரியாவில் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், இதுபோன்ற கல்லூரிகளில் ஆராய்ச்சி வலுவான துறைகளுக்கு முனைவர் பட்டம் தரும் உரிமையைப் பெற வழி திறந்திருக்கிறது. உங்கள் துறைக்கு அது உண்டா, இல்லை ஏதாவது பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வழிகாட்டுகிறார்களா என்று முதல் செமஸ்டரிலேயே கேளுங்கள்.

வேலைதான் இலக்கு என்றால் கவலை வேண்டாம். நான் பார்த்த வரை, நேர்முகத்தில் "டி.யூ.வா, டி.எச்.சா?" என்று யாரும் குடைவதில்லை. "என்ன செய்தீர்கள், ஜெர்மன் பேசுவீர்களா?" இந்த இரண்டில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது என்று மொழியைத் தள்ளிப்போடாதீர்கள். வாரம் 20 மணி நேர மாணவர் வேலையைக் கிடங்கில் பெட்டி தூக்கிக் கழிக்காமல், சம்பளம் சற்றுக் குறைந்தாலும் உங்கள் துறை கம்பெனியில் தேடுங்கள். தீசிஸையும் முடிந்தால் அங்கேயே செய்யுங்கள். ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு விதி இருக்கும். கையெழுத்துப் போடும் முன் வழிகாட்டும் பேராசிரியரிடம் அதைக் காட்டிவிடுங்கள்.