வீட்டுக் கணினியை முதன்முதலில் கடையில் வைத்து விற்றது யார்?

வீட்டுக்கான கணினிகள் கடைக்கு எப்படி வந்தன, முதல் கடை எது என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னை ரிச்சி தெருவில் பன்னிரண்டு வருடம் கணினிக் கடை கவுண்டரில் நின்றவன் நான். எங்கள் தொழில் எங்கே தொடங்கியது என்ற ஆர்வத்தில் இதைப் பற்றி எது கண்ணில் பட்டாலும் விடாமல் படிப்பேன்.

1975 ஜனவரியில் அமெரிக்காவில் 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' பத்திரிகையின் அட்டையில் ஆல்டேர் 8800 வந்தது. நியூ மெக்சிகோவில் ஆல்புகெர்க்கி நகரத்தில் இருந்த மிட்ஸ் என்ற சின்ன கம்பெனியின் சரக்கு. 397 டாலர் அனுப்பினால் உதிரி பாகங்கள் தபாலில் வரும், உட்கார்ந்து நீங்களேதான் சால்டர் வைக்க வேண்டும், அதாவது ஈயத்தை உருக்கிப் பாகங்களை ஒட்ட வேண்டும். கீபோர்டு கிடையாது, திரை கிடையாது, நினைவகம் 256 பைட், முன்பக்கத்தில் வரிசையாகச் சுவிட்சுகளும் குட்டி விளக்குகளும். பணம் கட்டியவர்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். கலிஃபோர்னியாக்காரர் ஒருவர் பொறுக்க முடியாமல் விமானம் ஏறி கம்பெனிக்கே போய், என் மெஷின் என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறார்.

அந்த வருடம் ஜூலையில் டிக் ஹைசர் என்பவர் லாஸ் ஏஞ்சல்ஸின் மேற்குப் பகுதியில், பிக்கோ புலிவார்டில், ஆல்டேரை விற்க ஒரு சின்னக் கடை திறந்தார். 'தி கம்ப்யூட்டர் ஸ்டோர்' என்று பெயர். முதல் கடை என்று பொதுவாக எல்லோரும் சொல்வது இதைத்தான். வாங்கிப் போய் மாட்டியவர்களில் பலருக்கு ஆல்டேர் முதல் தடவையே ஓடிவிடவில்லை, அப்போது தபால் பெட்டியிடம் போய்க் கேட்க முடியாதே, கேட்க ஒரு மனுஷன் வேண்டும். கடைக்கு மவுசு வந்தது அதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

அதே வருடம் டிசம்பரில் பால் டெரல், மவுண்டன் வியூவில் 'பைட் ஷாப்' தொடங்கினார். எங்கள் சரக்கை மட்டும்தான் விற்க வேண்டும் என்று மிட்ஸ் கறாராக இருந்தது. டெரல் ஒத்துக்கொள்ளாமல் மற்ற கம்பெனி மெஷின்களையும் வைத்தார், டீலர்ஷிப் போனது. என்னைக் கேட்டால் அவர் செய்ததுதான் சரி, கடைக்கு வருகிறவர் நாலு பொருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் வருகிறார்.

ஆப்பிள் கதையிலும் டெரல்தான் திருப்புமுனை. 1976இல் ஸ்டீவ் ஜாப்ஸ் அவரிடம் வந்தபோது கையில் இருந்த திட்டம், வெறும் சர்க்யூட் போர்டை ஆர்வலர்களுக்கு விற்பது. போர்டு வேண்டாம், பாகமெல்லாம் பொருத்திக் கொண்டு வா, ஒன்றுக்கு 500 டாலர் வீதம் ஐம்பது எடுத்துக்கொள்கிறேன், சரக்கு வந்ததும் பணம் என்றார் டெரல். தினமும் கவுண்டரில் நிற்கிறவருக்கு மட்டுமே தெரியும் விஷயம் அது: சால்டரிங் அயன் பிடிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அவர்கள் வாங்கி முடித்துவிட்டால் வியாபாரம் படுத்துவிடும். ஜாப்ஸ் பாகங்களை 30 நாள் கடனில் வாங்கி, ஆள் வைத்துப் பொருத்திக் கொண்டுவந்தார். வந்ததைப் பார்த்தால் பொருத்திய போர்டுதான் இருக்கிறது. கீபோர்டு, பவர் சப்ளை, பெட்டி எதுவும் இல்லை. டெரல் எதிர்பார்த்தது முழு மெஷின். இருந்தாலும் சொன்னபடி பணம் கொடுத்தார். அந்த ஆப்பிள்-1 கடையில் 666.66 டாலருக்கு விற்றது.

அடுத்து வருவதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி. ரேடியோ ஷாக் கடைகள் அப்போது டெக்சாஸில் இருந்த டேண்டி கார்ப்பரேஷனுக்குச் சொந்தம். டேண்டி, தோல் பொருள் வியாபாரத்திலிருந்து வந்த கம்பெனி, ரேடியோ ஷாக்கை 1963இல் வாங்கியது. பேட்டரி, வயர், ரேடியோ சாமான் விற்கும் இடம். அங்கே வேலை பார்த்த டான் ஃபிரெஞ்சுக்குக் கணினி விற்க வேண்டும் என்று ஆசை. நேஷனல் செமிகண்டக்டர் என்ற சிப் கம்பெனிக்குப் போனபோது ஸ்டீவ் லைனிங்கர் என்ற எஞ்சினியரைப் பிடித்துப்போனது, ஆனால் அவரைத் தொடர்புகொள்ளும் விவரத்தை அந்தக் கம்பெனி தரவில்லை. அப்புறம் பைட் ஷாப்புக்குள் நுழைந்தால் அதே லைனிங்கர் பகுதிநேரமாக அங்கே கவுண்டரில் நிற்கிறார்! பேசி முடித்து டெக்சாஸ் கூட்டிப்போனார்கள்.

1977 பிப்ரவரியில் மாதிரி மெஷினை முதலாளி சார்லஸ் டேண்டிக்குக் காட்டினார்கள். வருமான வரி போட்டுக் காட்டும் ஒரு புரோகிராம். அவர் தன் சம்பளம் 1,50,000 டாலர் என்று தட்டினார், புரோகிராம் அப்படியே நின்றுவிட்டது. அந்தப் புரோகிராமை எழுதியிருந்த பேசிக் என்ற கணினி மொழியில் 32,767க்கு மேல் எண் ஏறாது. லைனிங்கர் போய் அதைச் சரிசெய்தார். எத்தனை செய்வது என்ற பேச்சு வந்தபோது டேண்டி சொன்ன எண் 3,500. ரேடியோ ஷாக் நேரடியாக நடத்திய கடைகள் அத்தனை இருந்தன. விற்காவிட்டால் கடைக்கு ஒன்றாகக் கொடுத்துக் கணக்கு எழுத வைத்துக்கொள்ளலாம். வியாபாரி மூளை என்றால் இது.

1977 ஆகஸ்ட் 3 அன்று நியூயார்க்கில் டிஆர்எஸ்-80 வெளியானது. திரை, கேசட் ரெக்கார்டர் எல்லாம் சேர்த்து 599.95 டாலர். விற்பனைக்கு வந்த முதல் ஒன்றரை மாதத்தில் 10,000க்கு மேல் போனது. அதே வருடம் வந்த ஆப்பிள் II, கொமடோர் பெட் இரண்டையும் பார்க்க நீங்கள் கணினிக் கடை இருக்கும் ஊரைத் தேட வேண்டும். ரேடியோ ஷாக் அப்படி இல்லை, சின்ன ஊரிலும் கடைத்தெருவில் இருக்கும்.

அந்த மெஷினை நான் ஒருமுறை தொட்டிருக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் பழைய சாமான் விற்பனையில் ஒன்று வாங்கி வைத்திருந்தார். கேசட்டிலிருந்து புரோகிராமை மெஷினுக்குள் ஏற்ற சிஎல்ஓஏடி என்ற கட்டளையைத் தட்டி, ரெக்கார்டரில் பிளே பட்டனை அழுத்தினோம். திரையின் வலது மேல் மூலையில் இரண்டு நட்சத்திரக் குறி வந்து, ஒன்று மின்ன வேண்டும், மின்னினால் ஏறுகிறது என்று அர்த்தம். மின்னவில்லை. ரெக்கார்டரின் வால்யூமை மயிரிழை கூட்டினோம், குறைத்தோம், டேப்பைப் பின்னால் ஓட்டினோம். ஆறாவது தடவைதான் மின்னியது. கட்டளையைத் தப்பாகத் தட்டினால் 'வாட்?' என்று கேட்கும், நினைவகம் போதாவிட்டால் 'சாரி' என்று சொல்லும். பக்கத்தில் ஒருவர் நின்று, வால்யூம் இங்கே இருக்கட்டும் சார் என்று சொல்லித் தந்தால் வீட்டுக்குப் போய் ஓட்டிவிடலாம், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் பரணுக்குப் போகும் சரக்கு. ரிச்சி தெருவில் என்னிடம் வந்த அம்மாக்கள், "தப்பா எதையாவது தட்டிட்டா கெட்டுப் போயிடுமா தம்பி?" என்று கேட்பார்கள். அதே பயம்தான்.

1981 ஆகஸ்ட்டில் ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டபோது கம்ப்யூட்டர்லேண்ட் கடைகளிலும் சியர்ஸின் வணிக மையங்களிலும் விற்க ஏற்பாடு செய்தது. பெரிய கம்பெனியே தெருவில் இருக்கும் கடையை நம்பி இறங்கியது என்பதுதான் அதில் முக்கியம்.

வீட்டு மெஷின்கள் வேறு வழியில் போயின. கொமடோர் தன் விக்-20ஐ 300 டாலருக்குள் விலை வைத்து கே-மார்ட் மாதிரி பெரிய கடைகளில் இறக்கியது. கொமடோர் 64 வந்தது 1982இல், 595 டாலர். மறு வருடம் 200 அளவுக்கு இறங்கிவிட்டது. பழைய விலையில் ஸ்டாக் எடுத்து வைத்திருந்த டீலர்கள் கதி என்ன ஆகும் சொல்லுங்கள். பழைய கணினி எதைக் கொடுத்தாலும் 100 டாலர் தள்ளுபடி என்று கொமடோர் அறிவிக்க, ஜனங்கள் ஐம்பது டாலருக்கும் குறைவாக டைமெக்ஸ் சின்க்ளேர் என்ற மலிவுக் கணினி ஒன்றைப் புதிதாக வாங்கி அதையே கொடுத்துத் தள்ளுபடி வாங்கினார்கள். 1981இல் 525 டாலருக்கு வந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 99/4ஏ, 1983இல் 99 டாலர் ஆனது. அக்டோபர் 28 அன்று அந்தக் கம்பெனி வீட்டுக் கணினித் தொழிலையே விட்டு விலகுவதாக அறிவித்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சின்ன டீலர்கள் நினைப்புதான் வரும். ஒருவர் வருவார், அரை மணி நேரம் எல்லாம் ஓட்டிக் காட்டுவோம், "யோசிச்சிட்டு வரேன்" என்று போய் வேறு இடத்தில் நூறு இருநூறு குறைவாக வாங்குவார், பத்து நாள் கழித்து அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏன் ஓடவில்லை என்று கேட்க நம்மிடம்தான் வருவார். எனக்கு எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. நான் பிரித்துப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறேன்.