தையல் ஆறிவிட்டது... உள்ளே?

மார்பகத்தைப் பெரிதாக்க இம்ப்ளான்ட் (உள்ளே வைக்கும் செயற்கைப் பை) வைத்துக்கொண்டவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

அக்காவுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். மார்புத் தசைக்கு அடியில் இம்ப்ளான்ட் வைக்கப் போகிறார்களாம். முதல் சில நாள் துணைக்கு நான்தான். வீட்டில் என்னென்ன தயார் செய்து வைக்கட்டும்?

முதலில் படுக்கை. முதுகும் தலையும் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கும்படி தலையணைகளைச் சரிவாக அடுக்குங்கள். முழங்காலுக்கு அடியில் ஒன்று வைத்தால் கீழே சறுக்க மாட்டார். தூக்கத்தில் புரளாமல் இருக்க இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. மல்லாந்துதான் படுக்க வேண்டும்.

படுப்பதைவிட எழுவதுதான் கஷ்டம். கையை ஊன்றி எழும்போது வேலை செய்வது மார்புத் தசை; அதன் அடியில்தான் இப்போது இம்ப்ளான்ட் இருக்கிறது. பாவம் என்று கையைப் பிடித்து இழுத்துத் தூக்கிவிடாதீர்கள், உயிர் போகிற வலி எடுக்கும். முதலில் கால்களைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிடச் சொல்லுங்கள். பிறகு உங்கள் உள்ளங்கையை அவர் தோள்பட்டைகளுக்கு நடுவே, முதுகில் வைத்து மெதுவாக முன்னால் தள்ளுங்கள். அவர் இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தால் போதும்.

ஆபரேஷனுக்கு முன்பே, அடிக்கடி எடுக்கும் பொருள்களை இடுப்பு உயரத்துக்கு இறக்கி வையுங்கள். பாட்டில் மூடிகளை லேசாகத் தளர்த்தி வையுங்கள். மூடி திறப்பது, கனமான கதவைத் தள்ளுவது இரண்டும் முதல் வாரத்தில் பெரிய வேலை. தலைவழியே போடும் உடை வேண்டாம். முன்பக்கம் பட்டன் வைத்தது நாலைந்து தேவைப்படும்.

தசைக்கு அடியில் வைத்தவர்களுக்கு வலி பொதுவாக இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சம். அந்த நாள்களில் வலி வரட்டும் என்று காத்திருக்காமல், டாக்டர் எழுதிக்கொடுத்த நேரப்படி மாத்திரை கொடுங்கள். பாரசிட்டமாலில் மட்டும் ஒரு எச்சரிக்கை: 24 மணி நேரத்தில் மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரையிலும் கூட்டு வலி மாத்திரையிலும் அது ஒளிந்திருக்கும், அட்டையைப் படித்துக் கூட்டிப் பாருங்கள். கடும் வலிக்கான ஓபியாய்டு வகை மாத்திரை கொடுத்திருந்தால் மலச்சிக்கல் பெரும்பாலும் வரும். முக்கினால் மார்பிலும் அழுத்தம் ஏறும். அதனால் மலமிளக்கியை முதல் நாளே டாக்டரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஐஸ், வெந்நீர்ப் பை இரண்டும் டாக்டர் சொன்னால் ஒழிய வேண்டாம். மார்பகத் தோல் மரத்துப் போயிருக்கும். சுடுவதும் உறைவதும் அவருக்குத் தெரியாது. விழித்திருக்கும்போது ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அறைக்குள் நடக்க வையுங்கள், காலில் ரத்தம் உறையாமல் இருக்க அதுதான் வழி.

அடுத்தது, இரண்டு மார்பகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. இரண்டும் சேர்ந்து வீங்கினால் பெரும்பாலும் இயல்பு. ஒன்று மட்டும் திடீரென்று பெருத்து, கல் போல இறுகி, நீலம் பாரித்து, மாத்திரைக்கு அடங்காமல் வலித்தால் உள்ளே ரத்தம் கட்டுகிறது. பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள் வருவது இது. விடியட்டும் என்று பார்க்காமல் நடுராத்திரியானாலும் கிளம்புங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு காலில் மட்டும் ஆடுசதை வீங்கி வலிப்பது, இவற்றுக்கும் அப்படித்தான். 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காய்ச்சல், பரவும் சிவப்பு, தையலில் சீழ் இருந்தால் அன்றைக்கே சர்ஜனைப் பார்க்க வேண்டும்.

12 நாள் ஆகிறது. இரண்டு இம்ப்ளான்ட்டும் கழுத்தெலும்புப் பக்கம் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. மேலே புடைப்பு, கீழே தட்டை. வலது வேறு, இடதைவிட உயரம். தப்பாக வைத்துவிட்டார்களோ?

12ஆம் நாளில் எல்லாருக்கும் வரும் பயம் இது. தசை இறுகி இம்ப்ளான்ட்டை மேலே பிடித்து வைத்திருக்கிறது. அடிப்பக்கத் தோலும் இன்னும் விரியவில்லை. தசை தளரத் தளர அது தானாகக் கீழே இறங்கும், மேல் புடைப்பு வடியும். இதற்கு 3 முதல் 6 மாதம் வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் இறங்குவதும் இல்லை.

தினமும் கண்ணாடி முன் நிற்பதை நிறுத்துங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே வெளிச்சத்தில், அதே தூரத்தில், கைகளைத் தொங்கவிட்டு ஒரு படம் எடுத்து வையுங்கள். ஆறு படம் சேர்ந்த பிறகு வரிசையாகப் பாருங்கள், மாற்றம் தெரியும். வீடியோ பார்த்து நீங்களாக மசாஜ் செய்ய வேண்டாம். சில இம்ப்ளான்ட் அசையாமல் ஒட்டுவதற்காகவே சொரசொரப்பாகச் செய்யப்பட்டவை. அவற்றைத் தள்ளிவிடுவது கெடுதல். சர்ஜன் சொல்லிக்கொடுத்தால் மட்டும், சொல்லிக்கொடுத்த திசையில்.

கவலைப்பட வேண்டியது வேறு ஒன்று. இறங்கி மென்மையான மார்பகம், மாதங்கள் கழித்து மறுபடி மேலே ஏறி இறுகினால் அது உறைச் சுருக்கம். எந்த இம்ப்ளான்ட்டைச் சுற்றியும் உடல் ஒரு மெல்லிய தழும்பு உறை கட்டும். அந்த உறை தடித்துச் சுருங்கி இம்ப்ளான்ட்டைப் பிழிவதுதான் சிக்கல். பேக்கர் அளவுகோல் என்று நான்கு படி வைத்திருக்கிறார்கள்: முதல் படி இயல்பான மென்மை, இரண்டாவது தொட்டால் மட்டும் தெரியும் இறுக்கம், மூன்றாவதில் வடிவமே மாறியது கண்ணுக்குத் தெரியும், நான்காவதில் வலியும் சேரும். மூன்றும் நான்கும் பெரும்பாலும் மறு ஆபரேஷனில் போய்த்தான் நிற்கும்.

குனிந்தால் உள்ளே தண்ணீர் குலுங்குவது போல ‘களக் களக்’ சத்தம். காம்பில் அவ்வப்போது ஷாக் அடிக்கிறது. நேற்று கையைத் தூக்கியபோது மார்புக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு கயிறு தெரிந்தது. மூன்றும் ஒன்றா?

மூன்றும் வேறு வேறு. சத்தம், ஆபரேஷனின்போது உள்ளே தங்கிய காற்றும் நீரும். உடல் உறிஞ்சிக்கொண்டதும் சில வாரங்களில் நின்றுவிடும். இம்ப்ளான்ட் உடைந்த சத்தம் அல்ல.

ஷாக், இழுபட்ட நரம்பு விழிப்பது. மரத்த இடத்தில் முதலில் ஊசி குத்தல், பிறகு துணி பட்டாலே கூச்சம், பிறகு மெல்ல மெல்ல சாதாரணம். ஒரு வருடம்கூட ஆகலாம். சிலருக்கு ஓரிடத்தில் உணர்ச்சி முழுதாகத் திரும்பாமலே போவதும் உண்டு; ஆபரேஷனுக்கு முன்பே சொல்லப்பட வேண்டிய விஷயம் இது.

அந்தக் கயிற்றுக்கு மோன்டோர் நோய் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், 1939இல் இதை விவரித்த பிரெஞ்சு சர்ஜனின் பெயர் அது. தோலுக்கு அடியில் ஓடும் ஒரு சிறு ரத்த நாளம் அழற்சியில் அடைபட்டு, கையை உயர்த்தும்போது விறைத்த நூல் போல வயிற்றை நோக்கி நீளும். சில வாரங்களில் தானாக மறையும். இழுத்து அறுக்கப் பார்க்காதீர்கள். ஒருமுறை டாக்டரிடம் காட்டி உறுதிப்படுத்திக்கொண்டால் போதும்.

மூன்று வாரம் ஆகிவிட்டது. வலியே இல்லை, தையலும் காய்ந்துவிட்டது. ஜிம்முக்குப் போகலாமா?

வலி போவதும் ஆறுவதும் ஒன்றல்ல. மூன்றாவது வாரத்தில் தையல் போட்ட இடத்துக்கு, வெட்டாத தோலின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. மூன்று மாதத்தில்தான் 80 சதவிகிதத்தை எட்டும். உள்ளே இம்ப்ளான்ட்டைச் சுற்றிய உறை இப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் புஷ்-அப் எடுத்தால் தசை இம்ப்ளான்ட்டை வெளிப்பக்கமாகத் தள்ளி அதன் இடத்தை அகலமாக்கிவிடும். பிறகு படுத்தால் அது அக்குள் பக்கம் சரியும், சரிசெய்ய மறுபடி கத்திதான். ரத்த அழுத்தம் ஏறும் அளவுக்கு முயன்றால், ஆறின ரத்தநாளம் மறுபடி கசிவதும் நடக்கும்.

பொதுவான கணக்கு இது. உங்கள் சர்ஜன் வேறு சொன்னால் அவர் சொல்தான் சட்டம். நடை முதல் நாளிலிருந்தே. நிலையான சைக்கிள், கால் பயிற்சி 3, 4 வாரத்தில், ஆனால் கையில் எடை இல்லாமல். ஓட்டம், குதிப்பது 6 வாரத்துக்குப் பிறகு, இறுக்கமான ஸ்போர்ட்ஸ் பிராவோடு. பிளாங்க், புஷ்-அப், பெஞ்ச் பிரஸ் எல்லாவற்றுக்கும் கடைசி: 8 வாரமாவது, சிலருக்கு 12. நீச்சலுக்குத் தையல் முழுதாக மூடியிருக்க வேண்டும்.

கார் ஓட்டுவதற்கு வாரக் கணக்கைவிட ஒரு சோதனை நல்லது. ஓபியாய்டு மாத்திரை நிறுத்தியாயிற்றா? நிற்கும் காரில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி, பிரேக்கை அழுத்தி மிதித்தால் மார்பு இழுக்காமல் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் ஓட்டலாம். சீட் பெல்ட்டைத் தவிர்க்காதீர்கள். உறுத்தினால் நடுவில் சின்னத் துண்டு மடித்து வையுங்கள்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால், நீங்கள் தூக்காதீர்கள். நீங்கள் சோபாவில் உட்கார்ந்த பிறகு வேறொருவர் மடியில் வைக்கட்டும்.

அண்டர்வயர் பிரா எப்போது? தழும்புக்கு என்ன போடுவது?

வெட்டு பெரும்பாலும் மார்பக மடிப்பில்தான் இருக்கும். அண்டர்வயர் பிராவின் அடிக்கம்பி வந்து உட்காரும் இடமும் அதே மடிப்பு. தோல் மரத்திருப்பதால் அது அறுப்பதும் தெரியாது. அதனால் 6 வாரத்துக்குக் கம்பியே வேண்டாம், 3 மாதம் பொறுத்தால் இன்னும் நல்லது. அதுவரை முன்பக்கம் கொக்கி வைத்த மென்மையான பிரா, இரவிலும்தான். புது பிராவை இப்போதே டஜன் கணக்கில் வாங்கிவிடாதீர்கள், வீக்கம் வடிந்தால் கப் அளவு மாறும்.

தழும்புக்கு சிலிகான் பட்டையோ ஜெல்லோ போதும். பொருக்கெல்லாம் உதிர்ந்து காயம் முழுதாக மூடிய பிறகுதான் தொடங்க வேண்டும். பட்டை என்றால் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல், இரண்டு மூன்று மாதம். தழும்பு முதல் சில மாதங்களில் இன்னும் சிவந்து தடிக்கும், பயப்படாதீர்கள். 12 முதல் 18 மாதத்தில்தான் வெளுத்துத் தணியும். எல்லையைத் தாண்டி வளர்ந்தால் கெலாய்டு, உடனே காட்டுங்கள்.

ஒரே ஒரு சிகரெட்?

கூடாது. ஆபரேஷனுக்கு முன் 4 வாரம், பின் 4 வாரம். நிகோடின் ரத்தநாளத்தைச் சுருக்குவதால் தையல் ஓரம் செத்துப் பிரியும். வேப் எனும் இ-சிகரெட்டுக்கும் அதே கணக்குதான்.

சிலிகான் ஜெல் வைத்து ஏழு வருடம். ஒரு தொந்தரவும் இல்லை. எதையாவது பரிசோதிக்க வேண்டுமா?

வேண்டும். சிலிகான் உள்ளே உடைந்தால் வெளியே ஒன்றும் தெரியாமலே இருக்கலாம். அறிகுறி இல்லாவிட்டாலும் 5, 6 வருடத்தில் முதல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ., பிறகு 2, 3 வருடத்துக்கு ஒருமுறை என்பது அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020இல் சொன்ன கணக்கு. மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கும்போது இம்ப்ளான்ட் இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். அதைப் பின்னால் ஒதுக்கிப் பிடித்துக் கூடுதல் படங்கள் எடுப்பார்கள்.

வருடங்கள் கழித்து ஒரு மார்பகம் மட்டும் நீர் கோத்து வீங்கினால் அலட்சியம் வேண்டாம். இம்ப்ளான்ட்டைச் சுற்றி வரும் ஓர் அரிய நிணநீர்ப் புற்றுநோய் அப்படித்தான் தலைகாட்டும். அது பெரும்பாலும் சொரசொரப்பான மேல்பரப்புள்ள இம்ப்ளான்ட்டோடு தொடர்புடையது. 2019இல் அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகை உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது இதனால்தான். உங்களுடையது எந்த வகை என்பது ஆபரேஷன் அன்று கொடுத்த இம்ப்ளான்ட் அட்டையில், சீரியல் எண்ணோடு இருக்கும். அட்டை தொலைந்திருந்தால், ஆபரேஷன் செய்த இடத்தில் கோப்பு அழிக்கப்படுவதற்குள் நகல் கேட்டு வாங்கிவிடுங்கள்.